நாற்பத்திரண்டாவது

தேவாலாவில் மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
குழி எண்ண என்னை அனுப்பினார்கள்.
தாலுகா ஆபீஸ் தந்தது ஒரு டேப், ஒரு சாக்பீஸ்,
பாரம்பரியச் சின்னங்கள் என்று தலைப்பிட்ட படிவம்.
கோயிலுக்கென்று அடித்ததாயிருக்கும்,
மூலவர் பெயர் என்றொரு கட்டம்.
அதில் கோடு போட்டேன்.

முதல் குழியில் லண்டன்காரர்களின் பணம் விழுந்தது.
பங்குப் பத்திரம் அச்சான வேகத்துக்குப்
பாறை உடையவில்லை.
கப்பலில் வந்து, மாட்டுவண்டி மாறி,
யானை இழுத்து மலையேறிய இரும்பு உலக்கைகள்
சில மழைக்காலம் வெள்ளைக்கல்லை இடித்தன.
தூளில் பாதரசம் சேர்த்துத் துணியில் பிழிந்தால்
மிஞ்சியது மூக்குத்திக்குக் காணும்,
சம்பளத்துக்குக் காணாது.
குதிரைப் பந்தயம்கூட நடந்ததாம் இங்கே.
குதிரைகளுக்கும் குளிர்காய்ச்சல் வந்திருக்கும்.

வெகுகாலம் கழித்து, தேயிலைக்கு ஆள் வேண்டி,
எங்களைக் கொண்டுவந்தார்கள்.
தலைமன்னாரில் ஒருதரம் எண்ணி,
மண்டபத்தில் ஒருதரம் எண்ணி.
அம்மாவின் முகாம் அட்டையிலும் இப்படித்தான் கட்டங்கள்.

ஒன்பதாம் குழி உண்ணிச்செடிக்குள்.
பதினேழில் போன வருஷம் யானைக்கன்று விழுந்தது,
ஜேசிபி கரையைச் சரித்து வழி செய்ய
பின்னாலே நடந்து ஏறிவந்தது, திரும்பிப் பார்க்காமல்.
இருபத்துமூன்றில் ஆவணி மாதம்
கயிற்றோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.
கயிறு வந்தது. ஒருவர் வந்தார்.
நிலை: நன்று, சுமார், சிதைவு.
எதை டிக் அடிக்க?

கிளாட்சன் சார் போனில் சொன்னார்,
பாதுகாக்கணும்னு ஒரு கடிதம்,
உடனே மூடணும்னு ஒரு கடிதம்,
ரெண்டும் ஒரே தபாலில்.
மூடினால் குழி இல்லை.
மூடாவிட்டால் ஆள் இல்லை.
நீ எண்ணிட்டு வா, என்றார்.

பாறைதோறும் சாக்பீஸால் நம்பர் போட்டேன்.
அடுத்த மழைவரை இருக்கும்.

நாற்பத்தொன்றில் முடித்துக்கொண்டு இறங்கும்போது
ஆமினக்குட்டி அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டாள்:
ஒண்ணு விட்டுப்போச்சு மோளே.

அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று பலகை.
நடுப்பலகையைக் காலால் தள்ளினாள்.
கீழேயிருந்து காற்று வந்தது,
நனைந்த இரும்பின் வாசனையோடு.
தீ ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது.
நாலடி ஆழத்தில் கயிற்றில் தொங்கும் கூடையில்
கப்பைக்கிழங்கு, அரைமூடித் தேங்காய்,
மூடி போட்ட மத்திக் குழம்பு.
பிரிட்ஜுக்குக் கரண்டு பில் வரும், என்றாள்,
துரை பில் அனுப்ப மாட்டான்.

வாசல்நிலைக்கு மேலே தாங்குமரமாக
பழைய உலக்கைத்தண்டு ஒன்று, பெயிண்ட் அடித்து.
மொய்தூட்டி சுவரோரம் குந்தியிருந்தான்.
ஈர்க்குச்சியால் நகத்துக்குள்ளிருந்து
வெள்ளைப் பொடியை எடுத்துக்கொண்டிருந்தான்.
எந்த ராத்திரியின் பொடி என்று நான் கேட்கவில்லை.

அவள்தான் கேட்டாள்.
வீட்டுக்குப் பட்டா இல்ல, அப்பன் காலந்தொட்டே இல்ல.
குழியை சர்க்கார் எழுதிக்கிட்டா
வீட்டுக்கும் காகிதம் கிட்டுமா?
இல்ல, குழியைப் பார்க்க ஆளுங்க வரணும்னு
வீட்டை எடுப்பீங்களா?

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கடைசிப் பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன்.
மொய்தூட்டி குச்சியை நிறுத்தியிருந்தான்.

ஆழம் அளக்க டேப் போதாது.
கையிலிருந்த சாக்பீஸ் துண்டைப் போட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.
அதற்குள் அரிசி பொங்கி அடுப்பில் வழிந்து
சீறிய சத்தத்தில்
அது விழுந்ததா என்று தெரியவில்லை.
ஆமினக்குட்டி பலகையை இழுத்து மூடிவிட்டு
கரண்டி தேடினாள்.

சாயங்காலம் சார் கணக்குப் பார்த்தார்.
குழி, நாற்பத்தொன்று.
டேப், ஒன்று.
சாக்பீஸ்?
தீர்ந்துபோச்சு சார், என்றேன்.